வத்தளைக்கு வந்த வீமன்

பெயர் வீமன். வந்த அன்று கட்டிலுக்குக் கீழே புகுந்தவன், இரவில் ஆள் அசையாத நேரம் பார்த்துத்தான் தண்ணீர் குடிக்க வந்தான்.

பரந்தனில் இருந்த அண்ணா குடும்பம் வெளிநாடு போனபோது அவனை என்னிடம் விட்டார்கள். வேலியும் பெரிய வளவுமாக வளர்ந்தவனுக்கு வத்தளையில் கிடைத்தது மதிலும் சீமெந்து முற்றமும் நீர்கொழும்பு வீதி பஸ்களின் சத்தமும். "வெளியில கொண்டு வந்து கட்டி வைங்க அக்கா, ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்" என்றார் பக்கத்து வீட்டுப் பெண். நானும் கட்டினேன். நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்து, உடம்பு நடுங்க, கயிற்றைக் கடித்தான். பொழுதுபடுமுன் அவிழ்த்து விட்டேன்.

2009 இல் செட்டிகுளம் முகாமுக்கு வந்த முதல் வாரம், கூடாரத்தின் மூலையை விட்டு நானும் அசையவில்லை. அதை மறந்துபோய்த்தானே இவனை வெளியே இழுத்தேன்!

பிறகு கட்டிலுக்குக் கீழேயே பரந்தன் சாக்கைத் துவைக்காமல் விரித்தேன். பழைய வீட்டின் மணம் அதில்தானே இருக்கிறது. அவனுடைய பழைய கோப்பையில், ஒரே நேரத்தில், உறைப்பில்லாமல் சோறும் முள் நீக்கிய மீனும் வைத்தேன். கண்ணைப் பார்க்காமல், பக்கவாட்டாகத் திரும்பி, நிலத்தில் இருந்து அரிசி புடைத்தேன். கூப்பிடவில்லை. ஐந்தாம் நாள் மூக்கு என் முழங்கையில் முட்டியது. தும்புத்தடியைத் தூக்கினால் மட்டும் இன்னும் ஓடுகிறான். யாரோ அடித்திருக்க வேண்டும்.

கேற்றைப் பூட்டியே வைத்தேன். பயந்த நாய் புது இடத்தில் ஓடினால் வீடு திரும்ப வழி தெரியாது. கழுத்துப் பட்டியில் தொலைபேசி எண்ணை எழுதினேன். விசர்நாய்த் தடுப்பூசி போடப் போன இடத்தில் மிருக வைத்தியரிடம், "பயப்படும்போது தடவினால் பயம் கூடுமாமே?" என்று கேட்டேன். கூடாது, அவனாக வந்தால் தடவுங்கள், ஒளித்தால் விட்டுவிடுங்கள் என்றார்.

நாய்களின் பயம் பற்றி ரஷ்ய விஞ்ஞானி பாவ்லொவ் கண்டது ஒன்று உண்டு. 1924 இல் லெனின்கிராட் வெள்ளத்தில் அவருடைய நாய்களின் கூடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. நீந்தவைத்துத்தான் காப்பாற்றினார்கள். அதன்பின் சில நாய்கள் பழகியிருந்ததை எல்லாம் மறந்தன. மெல்லத் தேறிய ஒரு நாய், கதவின் கீழால் கொஞ்சத் தண்ணீர் கசிந்ததும் மறுபடி குழம்பியது. வெடிச் சத்தம் கேட்டால் நிலத்தில் குந்துகிற நமக்கு இதில் என்ன புதினம்?

போன டிசம்பர் 31 இரவுக்கு முன்கூட்டியே ஆயத்தமானேன். இருட்டுமுன் வெளியே கொண்டுபோய் வந்து, சாப்பாடு கொடுத்து, உள்ளறை யன்னல்களைச் சாத்தி, மின்விசிறியையும் வானொலியையும் போட்டேன். பன்னிரண்டு மணிக்கு வத்தளை முழுவதும் பட்டாசு. எனக்கும் கை உதறியது. வீமன் என் மடிக்குள் தலையைப் புகுத்தினான். 2008 இல் கிளிநொச்சி வீட்டை விட்டு வெளிக்கிட்டபோது உழவு இயந்திரத்தின் பின்னால் ஓடி வந்த எங்கள் பழைய நாயை அப்போதுதான் நினைத்தேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் கதைத்ததில்லை. வீமனிடம் சொன்னேன்.

ஒரு மணியளவில் சத்தம் அடங்கியது. எழும்பி, உடம்பை உதறிவிட்டு, குசினிக் கோப்பையடிக்குப் போனான்.