உங்களுக்குத் தெரியுமா? புளூட்டோவைக் கடந்த பிளாஸ்டிக் படலம்

பாலிவினைலிடின் ஃபுளோரைடு என்ற பிளாஸ்டிக்கை மெல்லிய படலமாக இழுத்து நீட்டி, பலமான மின்புலத்தில் வைத்து எடுத்தால், அப்புறம் அதை அழுத்தினாலும் வளைத்தாலும் மின்னூட்டம் பிறக்கும். 1969-இல் இதைக் கண்டறிந்தவர் ஜப்பானின் ஹெய்ஜி கவாய். அதிர்வு உணரி, நீருக்கடியில் ஒலி கேட்கும் கருவி என்று பல இடங்களில் இது வேலை செய்கிறது.

ஆனால் பெரிய சாதனை விண்வெளியில்தான். 2006-இல் புறப்பட்டு புளூட்டோவைக் கடந்து சென்ற நியூ ஹொரைசன்ஸ் விண்கலத்தில் விண்தூசியை எண்ணுவது இந்தப் படலமே. தூசித் துகள் மோதிச் சின்னப் பள்ளம் விழுந்ததும் ஒரு மின்துடிப்பு எழும். அதை வைத்தே துகளின் நிறையைக் கணக்கிடுகிறார்கள். இந்தத் தூசி எண்ணும் கருவியை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழக மாணவர்கள்! 1930-இல் புளூட்டோவுக்கு அந்தப் பெயரைச் சொன்ன 11 வயதுச் சிறுமி வெனிஷியா பர்னியின் பெயரையே கருவிக்குச் சூட்டியிருக்கிறார்கள்.