'ஹெட் கேஸ்கட் போயிடுச்சு' என்கிறாரா மெக்கானிக்? என்ஜினைத் திரும்பப் பிரிக்கும் முன் கேட்க வேண்டிய 4 டெஸ்ட்

பழைய காருக்குப் பெரிய தொகை செலவழித்து என்ஜின் வேலை பார்த்தாச்சு. ஆனால் சில நாட்களிலேயே டெம்பரேச்சர் முள் மேலே ஏறுகிறது, கூலன்ட் குறைகிறது. "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு, மறுபடியும் ஹெட்டைக் கழற்றணும்" என்கிறார் மெக்கானிக். உடனே சரி சொல்லிடாதீங்க. இதே அறிகுறிகளைக் காட்டும் சின்னப் பிரச்னைகளும் உண்டு. அதுமட்டுமல்ல, ஹெட்டைக் கழற்றிய பிறகு இந்த டெஸ்டுகளைச் செய்யவே முடியாது.

ஹெட் கேஸ்கட்டின் வேலை என்ன?

என்ஜினின் கீழ்ப்பகுதி பிளாக், மேல்பகுதி ஹெட். இரண்டுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய தகடுதான் கேஸ்கட். சிலிண்டரில் எரியும் வாயு, ஆயில், கூலன்ட் மூன்றும் ஒன்றோடொன்று கலக்காமல் அது தடுக்கிறது. எந்த இடத்தில் விட்டுப்போகிறதோ, அதற்கேற்ப அறிகுறி மாறும். வாயு கூலன்டுக்குள் புகுந்தால் ஓவர்ஹீட் ஆகும். கூலன்ட் சிலிண்டருக்குள் போனால் வெள்ளைப் புகை வரும். ஆயிலோடு கலந்தால் ஆயில் பால் காபி நிறமாகிவிடும்.

வேலை பார்த்த என்ஜினில் ஏன் குழப்பம்?

முதல் காரணம், ஏர் லாக். கூலன்டைப் புதிதாக நிரப்பும்போது உள்ளே காற்று சிக்கிக்கொண்டால் முள் ஏறும், ரேடியேட்டரில் குமிழும் வரும். காற்றை முழுசாக வெளியேற்றிவிட்டு மறுபடி பாருங்கள்.

குளிர்ந்த காலையில் சைலன்சரில் வரும் வெள்ளைப் புகை வெறும் நீராவியாக இருக்கலாம். என்ஜின் நன்றாகச் சூடான பிறகும் அது நிற்காமல், கூலன்டும் குறைந்தால்தான் சந்தேகப்படணும். ஆயில் மூடிக்கு அடியில் ஒட்டியிருக்கும் வெளிர் நுரையும் அப்படித்தான். தினமும் குறைந்த தூரமே ஓடும் வண்டியில் ஈரம் தங்கி அது வரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

எந்த டெஸ்டுகளைக் கேட்கலாம்?

1. கூலிங் பிரஷர் டெஸ்ட்: என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, ரேடியேட்டர் மூடியில் அச்சிட்டிருக்கும் அளவுக்கு (பெரும்பாலும் 1 பார் அருகில்) கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுவார்கள். 15 நிமிடத்தில் முள் இறங்கினால், முதலில் ஹோஸ், வாட்டர் பம்ப், ரேடியேட்டரில் கசிவு இருக்கா என்று தேடணும். வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் கசிவு உள்ளே இருக்கிறது.

2. கேஸ் லீக் டெஸ்ட்: ஓடும் என்ஜினின் ரேடியேட்டர் வாயில் இருந்து வரும் காற்றை நீல நிறத் திரவத்தின் வழியாக இழுப்பார்கள். பெட்ரோல் என்ஜினில் திரவம் மஞ்சளாக மாறினால், எரிந்த வாயு கூலன்டுக்குள் வருகிறது என்று அர்த்தம். மாறவில்லை என்பதற்காக நிம்மதியாகிவிட வேண்டாம். சில கசிவுகள் என்ஜின் நன்றாகச் சூடாகும்போதுதான் தெரியும்.

3. கம்ப்ரஷன் டெஸ்ட்: பல பெட்ரோல் என்ஜின்களில் இது 150 முதல் 200 பிஎஸ்ஐ வரை இருக்கும். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டு மட்டும் குறைவாகக் காட்டினால், நடுவே கேஸ்கட் விட்டிருக்க வாய்ப்பு அதிகம். எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால், புது ரிங் இன்னும் படியாமல் இருக்கலாம், டைமிங் தவறியிருக்கலாம். கேஸ்கட் மேல் பழி போட அவசரம் வேண்டாம்.

4. லீக் டவுன் டெஸ்ட்: பிஸ்டனை உச்சியில் நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகக் காற்றை ஏற்றுவார்கள். காற்று எங்கே வருகிறது என்பதுதான் பதில். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட் போயிருக்கலாம், அல்லது ஹெட்டிலோ பிளாக்கிலோ விரிசல் இருக்கலாம். ஆயில் மூடி வழியே வந்தால் ரிங். சைலன்சரிலோ ஏர் ஃபில்டர் பக்கமோ சத்தம் கேட்டால் வால்வு.

கேஸ்கட்தான் என்று உறுதியானால்?

'புதுசா போட்ட கேஸ்கட் ஏன் போச்சு?' என்று கேளுங்கள். ஹெட் வளைந்திருக்கலாம். பல என்ஜின்களில் அனுமதிக்கப்படும் வளைவு 0.05 மி.மீ. போலச் சிறிய அளவுதான். உங்கள் மாடலுக்கான அளவு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஹெட்டை மட்டுமல்ல, பிளாக்கின் மேல்பரப்பையும் அளக்கச் சொல்லுங்கள். விரிசல் இருக்கா என்று பட்டறையில் ஹெட்டைப் பிரஷர் டெஸ்டும் செய்யணும்.

போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் வைத்து, சொன்ன வரிசையில் முடுக்கினார்களா? ஒருமுறைதான் பயன்படுத்தலாம் என்ற வகை போல்ட்டுகளையே திரும்பப் போட்டார்களா? போல்ட் துளையில் ஆயிலோ கூலன்டோ தேங்கியிருந்ததா? இதையெல்லாம் பார்க்காமல் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடினால், அதே பிரச்னை திரும்ப வரும்.

டெஸ்ட் முடிவுகளை எழுதி வாங்குங்கள். கழற்றிய கேஸ்கட்டைத் தூக்கிப்போட விடாதீங்க, போட்டோவும் எடுத்து வையுங்கள். இரண்டாவது முறை வேலைக்கு யார் பணம் தருவது என்ற பேச்சு வரும்போது உங்கள் கையில் இருக்கும் ஆதாரம் இதுதான்.

அதுவரை ஓட்டலாமா?

வேண்டாம். ஆயிலில் கூலன்ட் கலந்தால் பேரிங் தேயும். முள் சிவப்புக்குப் போனால் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. டோயிங் வண்டிக்கு ஆகும் செலவு, இன்னொரு என்ஜின் வேலைக்கு முன்னால் ஒண்ணுமே இல்லை.