சாய்ந்து ஓட்டும் சைக்கிள்: மழையில் எதை அணிவது?

நாற்காலியில் சாய்ந்தபடி, கால்களை முன்னே நீட்டி மிதிக்கும் சைக்கிளைப் பார்த்திருக்கிறீர்களா? காற்றுத் தடை குறைவு என்பதால் அது சமதரையில் வேகமாகச் செல்லும். 1933ஆம் ஆண்டில் பிரெஞ்சு வீரர் பிரான்சிஸ் ஃபோர் இத்தகைய சைக்கிளில் ஒரு மணி நேரத்தில் 45 கிலோமீட்டர் கடந்து சாதனை படைத்தார். மறு ஆண்டே அனைத்துலக சைக்கிளோட்டச் சங்கம் போட்டிகளில் அதற்குத் தடை விதித்தது.

வேகம் தரும் அந்தச் சாய்வுதான் மழையில் சிக்கல் தருகிறது. சாதாரண சைக்கிளில் குனிந்து ஓட்டுபவரின் முதுகு மழையைத் தாங்கும். சாய்ந்து ஓட்டுபவருக்கோ முகம், மார்பு, தொடை எல்லாம் வானத்தைப் பார்த்திருக்கும். மடியில் நீர் தேங்கி, மழையங்கியின் ஜிப் வழியே கசியும். முன்னோக்கியிருக்கும் கால்சட்டையின் வாய், புனல்போல் மழையை உள்ளே வாங்கும். எனவே ஜிப்பை மூடும் மடிப்பு, கணுக்காலில் இறுக்கும் பட்டை, முகத்துக்கு விளிம்புள்ள தொப்பி, சக்கரத்துக்கு மட்கார்டு ஆகியவை தேவை.

வெளியிலிருந்து வரும் நீரைத் தடுத்துவிட்டோம். உள்ளிருந்து வரும் வியர்வையை என்ன செய்வது? 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. பிளாஸ்டிக் அங்கி அந்த ஆவியை அடைத்துவிடும். கோர்-டெக்ஸ் போன்ற துணிகளில் மிக நுண்ணிய துளைகள் உள்ளன. நீர்த்துளி அவற்றில் நுழைய முடியாது. நீராவி மூலக்கூறு வெளியேறலாம்.

ஆனால் நீராவியை வெளியே தள்ளுவது எது? உள்ளும் புறமும் உள்ள நீராவி அழுத்த வேறுபாடு. 34 பாகை செல்சியஸில், வியர்த்த தோலருகே அந்த அழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல். ஐரோப்பாவில் 10 பாகையில் மழை பெய்தால் வெளியே சுமார் 1.2, வேறுபாடு 4.1. நம் ஊரில் 25 பாகையில் மழை பெய்தால் வெளியே சுமார் 3.2; வேறுபாடு 2.1 மட்டுமே. ஆகவே, அங்கே நன்றாக வேலை செய்யும் விலையுயர்ந்த அங்கி, இங்கே பாதியளவே வியர்வையை வெளியேற்றும்.

அதனால் நம் வெதுவெதுப்பான மழையில், குறுகிய பயணத்துக்கு நனைவதில் தவறில்லை. நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பருத்தியைவிட விரைவில் உலரும் பாலியெஸ்டர் சட்டை நல்லது. உலர்ந்த மாற்றுடையை நீர் புகாத பையில் வையுங்கள்.

நனைவதைவிடப் பெரிய ஆபத்து, பிறர் கண்ணில் படாமல் போவது. இந்த சைக்கிளின் இருக்கை தாழ்வானது. மழைத்துளி படிந்த கார்க் கண்ணாடி வழியே ஓட்டுநருக்கு எளிதில் தெரியாது. உயரமான கம்பியில் கொடி, பளிச்சென்ற நிறத்தில் உடை, பகலிலும் எரியும் பின்விளக்கு ஆகியவை கட்டாயம். சக்கர விளிம்பைப் பிடிக்கும் பிரேக், முதலில் நீர்ப்படலத்தைத் துடைத்த பிறகே பிடிக்கும். ஆகவே முன்கூட்டியே அழுத்துங்கள்.

இடி முழங்கினால் எந்த உடையும் காப்பாற்றாது. ரப்பர் டயரும் மின்னலைத் தடுக்காது. உடனே கட்டடத்துக்குள் சென்றுவிடுங்கள்.