ஒரு மணி நேரத்துக்கு ஒரு மணி நேரம்

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்ற பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு. எண்ணாயிரம், எசாலம் பக்கத்தில் சோழர் காலக் கோயில்களோடு இருப்பது ஒன்று. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பக்கம் இன்னொன்று. பத்திரிகையை அரைகுறையாகப் படித்துவிட்டுத் தப்பான பிரம்மதேசத்தில் போய் இறங்கி, மொய் எழுத வேண்டிய நேரத்தில் டீக்கடையில் வழி விசாரித்தவர்கள் எங்கள் சொந்தத்திலேயே இருக்கிறார்கள். அதனால், பிஸ்கட் டப்பா ஒன்றுக்குள் 'பிரம்மதேசம் – 1', 'பிரம்மதேசம் – 2' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிய இரண்டு சின்னக் கேசட்டுகளைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, எந்தப் பிரம்மதேசம் என்பதுதான். வருஷம் இல்லை. யார் வீட்டு விசேஷம் என்றும் இல்லை. கையெழுத்து சித்தப்பாவுடையது; கேட்டுத் தெரிந்துகொள்ள அவரும் இல்லை.

டப்பா கிடைத்ததே ஃபெஞ்சல் புயல் புண்ணியத்தில். 2024 நவம்பர் கடைசியில் அந்தப் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. எங்கள் வீட்டுக்குள்ளும் தண்ணீர் வந்தது. கீழே பீரோவில் பத்திரமாக வைத்திருந்த கல்யாண ஆல்பங்கள் ஊறி ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. வேண்டாத சாமான் என்று பரணில் தூக்கிப் போட்டது மட்டும் தப்பித்தது. அதில் சித்தப்பாவின் ஹேண்டிகேமும் இருந்தது.

கேசட் மினி டி.வி. வகை. டி.வி. என்றதும் தொலைக்காட்சி என்று நினைத்துவிட வேண்டாம், டிஜிட்டல் வீடியோ. 1995-இல் வந்தது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிசு, உள்ளே 6.35 மி.மீ. அகலத்தில் நாடா. ஒரு மணி நேரத்தில் கிட்டத்தட்ட 68 மீட்டர் ஓடும். கேமராவுக்குள் இருக்கும் ஹெட் டிரம் நிமிடத்துக்கு 9,000 முறை சுழன்று, நொடிக்கு 300 கோடுகளை நாடாவின் மேல் சாய்வாக இழுக்கிறது. ஒரு கோட்டின் அகலம் 10 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் ஐந்தாறு கோடுகள் அடங்கிவிடும். ஒரு தூசு போதும், திரையில் பெரியப்பாவின் முகம் சதுரம் சதுரமாகச் சிதறிப்போக.

இந்தக் கோடுகளில் இருப்பது ஏற்கெனவே பூஜ்யமும் ஒன்றும்தான். பழைய வி.எச்.எஸ். கேசட்டைப் போல, படத்தை ஓடவிட்டு அதை இன்னொரு பெட்டி பார்த்து எண்ணாக மாற்ற வேண்டிய வேலை இங்கே கிடையாது. நாடாவில் உள்ள எண்கள் கம்பி வழியாக அப்படியே ஹார்டு டிஸ்க்கில் போய் உட்காரும். துளி தரம் குறையாது. சிக்கல் அந்தக் கம்பியில்தான்.

கேமராவின் பக்கவாட்டில் யு.எஸ்.பி. ஓட்டை இருக்கிறதே என்று பலரும் அதில் செருகி ஏமாந்திருக்கிறார்கள். நானும்தான். பெரும்பாலான மாடல்களில் அது மெமரி கார்டில் எடுத்த போட்டோக்களுக்கு, மிஞ்சினால் மங்கலான ஒரு வெப்கேம் படத்துக்கு. அசல் படம் வெளியே வருகிற வழி ஃபயர்வயர். சோனிக்காரர்கள் அதையே ஐ-லிங்க் என்று எழுதினார்கள். ஒரு காலத்தில் நல்ல லேப்டாப்பில் எல்லாம் இருந்தது. இப்போது கடையில் கேட்டால், பையன் போனை எடுத்து அப்படியென்றால் என்ன என்று தேடிப் பார்க்கிறான். அந்தத் தொழில்நுட்பத்தைப் பெற்று வளர்த்த ஆப்பிளே 2025-இல் வெளியிட்ட மேக் இயங்குதளத்தில் அதற்கான ஆதரவை எடுத்துவிட்டது.

ஆக, கேசட் நன்றாக இருக்கிறது. அதைப் படிக்கிற மிஷின்தான் செத்துக்கொண்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட, ஒலி ஆவணக் காப்பகம் இதை 2015-லேயே சொன்னது: காந்த நாடாக்களை மாற்றி முடிக்க 2025-ஐக் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள், அதற்கப்புறம் பிளேயரும் கிடைக்காது, அதை ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவரும் கிடைக்க மாட்டார் என்று. அந்தக் கெடுவும் தாண்டிவிட்டது.

நம் ஊர்ப் பக்கம் இன்னொரு சங்கதி உண்டு. 2000-க்குப் பிறகு, தோளில் தூக்கிய பெரிய வி.எச்.எஸ். கேமராக்களை விட்டு கல்யாண வீடியோக்காரர்களும் மினி டி.வி.க்கு வந்தார்கள். முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாம் மிக்ஸிங் செய்து, நடுவே ரோஜாப்பூ பறக்கவிட்டு, நம் கையில் கொடுத்தது வி.சி.டி. எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றின் கேசட்டுகளைத் தேடிக்கொண்டு ஒரு ஸ்டுடியோவுக்குப் போனேன். "அதுமேல இன்னும் பத்துக் கல்யாணம் ஏறியிருக்கும் சார்" என்று ஸ்டுடியோக்காரர் சிரித்தார். கேசட் காசு, அழித்து அழித்து எழுதினார்கள். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அசலைக் கேட்டு வாங்கி வைக்க நமக்குத்தான் தோன்றவில்லை. அந்த வி.சி.டி.யில் இருப்பது 352-க்கு 288 புள்ளி படம். நாடாவில் இருந்தது 720-க்கு 576. நொடிக்கு இத்தனை என்று தகவலைக் கணக்குப் போட்டால் இருபதில் ஒரு பங்குகூட வராது. அத்தை கட்டியிருந்த பட்டின் கரை மயில்கழுத்தா மாம்பழமா என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஸ்டுடியோக்காரர்களின் கையில் போகாத, வீட்டு ஆட்களே எடுத்த ஹேண்டிகேம் கேசட்டுகள்தான் இன்று அசலாக மிஞ்சியிருப்பவை.

எனக்கு வழி காட்டியது, தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ்காரரின் கடையில் மூலையில் கிடந்த பழைய டெஸ்க்டாப். எக்ஸ்பி ஓடுகிறது. சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் விற்கிற கடையில் ஃபயர்வயர் கார்டு ஒன்றைப் பிடித்து அதில் சொருகினோம். கேபிளின் ஒரு முனை நாலு பின், அது கேமராவுக்கு. மறுமுனை ஆறு பின், அது கார்டுக்கு. ஆறு பின் முனையில் மின்சாரமும் வரும். தலைகீழாக அழுத்திச் சொருகினால் கேமராவின் போர்டு போய்விடும், மறு கேமராவுக்கு எங்கே போவது? இரண்டையும் அணைத்துவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துப் பார்த்துச் சொருகினேன்.

கேசட்டின் முதுகில் உள்ள குட்டித் தாழ்ப்பாளை முதலில் 'சேவ்' பக்கம் தள்ளிவிட வேண்டும். கை தவறி ரெக்கார்டு பட்டனில் பட்டால் உள்ளதும் போச்சு. பல வருஷம் ஒரே சுற்றாகக் கிடந்த நாடா ஒட்டிக்கொண்டிருக்கும். கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றி, பிறகுதான் 'பிளே'. ஹெட் கிளீனர் கேசட்டைப் பத்து நொடி ஓடவிட்டேன், அதற்கு மேல் ஓட்டினால் ஹெட்டே தேயும். கம்ப்யூட்டரில் வின்-டி.வி. என்ற சின்ன இலவச மென்பொருள். ஒரு மணி நேரப் படத்துக்கு 13 ஜி.பி. இடம் பிடிக்கும். பழைய டிஸ்க் ஃபேட்-32 முறையில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் ஒரு ஃபைல் போகாது. இருபது நிமிடம்கூட ஆகாமல் நின்றுவிடும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் நின்றது.

இதில் குறுக்குவழி கிடையாது. பென் டிரைவில் இழுத்துப் போடுகிற மாதிரி இல்லை. ஒரு மணி நேர நாடா இறங்க ஒரு மணி நேரம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே ஆக வேண்டும், எங்கே படம் உடைகிறது, எங்கே நாடா சிக்குகிறது என்று.

கல்வெட்டு படியெடுப்பவர்களும் இப்படித்தான் உட்காருவார்கள். கல்லைக் கழுவி, ஈரத்தாளை ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் தாள் இறங்கும்வரை பிரஷ்ஷால் அடித்து, மேலே மை ஒற்றி, காய்ந்த பிறகு உரிக்க வேண்டும். மைப்படி என்பார்கள். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரி பற்றி நாம் பேச முடிவது, 1917-இல் யாரோ சிலர் இப்படிப் பொறுமையாகப் படியெடுத்ததால். கல்லே ஆனாலும் இன்னொன்றில் ஏற்றிவைக்க ஆள் வேண்டியிருக்கிறது. அந்த நினைப்பிலேயே இருந்ததால், கேசட்டும் எண்ணாயிரம் பக்கத்துப் பிரம்மதேசமாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, ஃபைலுக்கும் 'பிரம்மதேசம் கோயில்' என்று பெயர் கொடுத்தேன். சித்தப்பாவுக்குப் பழைய கோயில் என்றால் உயிர்.

முதல் கேசட்டில் கோயிலே வரவில்லை. ஒரு வீட்டுத் திண்ணை, வாழைமரம், காதுகுத்து. மாமன் மடியில் குழந்தை அலறுகிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் நாள், நேரத்தைச் சேர்த்து எழுதிவைக்கும் வசதி இந்த நாடாவில் உண்டு என்று ஆவலோடு பார்த்தால், ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி 14 நிமிடம் என்கிறது. திரையிலோ சுள்ளென்று வெயில். கடிகாரத்துக்கான பொத்தான் பேட்டரி எப்போதோ செத்துப்போயிருக்கிறது. வந்தவர்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியவில்லை. அத்தைக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, திரையில் வருகிறவர்களை ஒவ்வொருவராக வர்ணித்தேன். "நெத்தியில தழும்பு இருக்குதா? அப்ப அது மேலண்ட வீட்டுக்காரரு" என்று அவர் சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டேன். எழுபத்தெட்டு வயசு அவருக்கு.

இரண்டாவது கேசட்டில், 38-ஆவது நிமிடத்தில், சித்தப்பா ரெக்கார்டை நிறுத்த மறந்து கேமராவைத் தரையில் வைத்துவிட்டார். திரையில் பாயின் ஓரம், ஒரு சொம்பு, இரண்டு ஜோடிக் கால்கள். ஸ்டுடியோவில் கொடுத்திருந்தால் முதல் வேலையாக வெட்டி எறிந்திருப்பார்கள். பதினொரு நிமிடம் ஓடுகிறது. வடைக்கு உப்பு போதவில்லை என்று ஒரு குரல். பிறகு இன்னொன்று, இளசாக:

"மரக்காணத்துலேர்ந்து வர்ற பஸ்ஸு எத்தினி மணிக்கு?"

"ஆறரைக்கு. அத்த வுட்டா திண்டிவனம் போவ முடியாது, இங்கதான் படுக்கணும்."

திரும்ப ஓட்டி, போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தேன். அத்தை கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"மொதல்ல பேசுனது நான்தான்டா. ரெண்டாவது எங்க பெரியம்மா."

நான் ஃபைல் பெயரிலிருந்த 'கோயில்' என்ற வார்த்தையை அழித்துக்கொண்டிருந்தேன்.

"அந்த பஸ்ஸ வுட்டுட்டோம்" என்றார்.