மோட்டாரை மாற்றும் முன் கதவைத் தூக்கிப் பாருங்கள்



எங்கள் வாப்பாமார் காலத்தில் கடை திறப்பதென்றால், இலக்கமிட்ட பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுவரோரம் சாத்தி வைப்பார்கள். பிறகு கொக்கித் தடியால் இழுத்து மூடும் ரோலர் கதவு வந்தது. இன்று கட்டைவிரலால் ஒரு பொத்தானை அமர்த்தினால் கதவு தானாக மேலே போகிறது. வசதிதான். ஆனால் பலகைக் கதவு எவரையும் கடைக்கு வெளியே நிறுத்தி வைத்ததில்லை. மோட்டார் கதவு என்னை நிறுத்தியிருக்கிறது. அதுவும் ரமழான் கடைசிப் பத்தில், பெருநாள் உடுப்பு வாங்க வந்தவர்கள் படியில் காத்து நிற்கும்போது.

அன்று கதவு முழங்கால் உயரம் வரை வந்து நின்றுவிட்டது. விற்ற இடத்திலிருந்து வந்தவர் பார்த்துவிட்டு, "மோட்டார் எரிஞ்சிட்டு, புதுசுதான் போடணும்" என்றார். போட்டேன். எட்டு மாதத்தில் அதுவும் அதேபோல் எரிந்தது. "இது சின்ன மோட்டார், பெரிசாப் போடுவம்" என்றார். மூன்றாவதற்குக் காசு எண்ணுவதற்கு முன், எங்கள் ஊரில் வெல்டிங் வேலை செய்யும் வயதான பாஸ் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் மோட்டாரின் பக்கமே போகவில்லை. கயிற்றை இழுத்து மோட்டாரை விடுவித்தார். பிறகு இரண்டு பொடியன்மாரைக் கூப்பிட்டுக் கதவைக் கையால் தூக்கச் சொன்னார். இருவராலும் முடியவில்லை. "முதலாளி, நீங்க மாட்ட மாத்துறீங்க, வண்டிட சக்கரம் இறுகிக் கிடக்கு" என்றார். ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அதற்கான செலவு, நான் மோட்டார்களுக்குக் கொடுத்த காசில் ஒரு சிறு பங்குதான்.

நமது கடைகளிலும் வீட்டுக் கராஜ்களிலும் பூட்டப்படும் ரோலர் கதவுகள் பெரும்பாலும் ஸ்பிரிங் வைத்தவை. கதவு சுருளும் குழாய்க்குள் இருக்கும் ஸ்பிரிங், கதவு இறங்கும்போது முறுக்கேறுகிறது. ஏறும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து பாரத்தைத் தாங்குகிறது. அதாவது கதவின் பாரத்தைச் சுமப்பது ஸ்பிரிங். மோட்டார் செய்வது அசைத்துக் கொடுப்பது மட்டுமே. ஸ்பிரிங் சோர்ந்துவிட்டால் முழுப் பாரமும் மோட்டாரின் தலையில் விழுகிறது. அது சில மாதங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்கும், பிறகு எரியும். நாம் எரிந்ததைக் குற்றம் சொல்கிறோம்.

ஸ்பிரிங்குக்கும் ஆயுள் உண்டு. கராஜ் கதவு ஸ்பிரிங்குகளைப் பொதுவாக 10,000 தடவை திறந்து மூடும் கணக்கில் செய்கிறார்கள். லுஹருக்கு ஒரு தடவை, இரவு ஒரு தடவை, இடையில் ஏதாவது ஒரு தேவைக்கு ஒரு தடவை என்று நாளொன்றுக்கு 3 தடவை மூடித் திறந்தால் ஒன்பது வருடம். லொறிக்காகப் பத்துத் தடவை திறக்கும் களஞ்சியசாலையில் மூன்று வருடமும் தாண்டாது. காத்தான்குடி, கல்முனை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று வேறு சேர்ந்துகொள்ளும்.

ஆகவே முதலில் செய்ய வேண்டிய சோதனை இது. மெயின் சுவிட்சை அணைத்து, கதவு கீழே இருக்கும்போது மோட்டாரை விடுவித்து, கையால் இடுப்பளவுக்குத் தூக்கி மெதுவாகக் கையை எடுத்துப் பாருங்கள். நல்ல கதவு அந்த இடத்திலேயே நிற்கும். கீழே விழப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது. மேலே பாய்ந்தால் முறுக்கு அதிகம். வழியில் எங்காவது இறுகினால் பக்கத் தண்டவாளம் வளைந்திருக்கும் அல்லது குப்பை அடைத்திருக்கும். தண்டவாளத்தில் கிறீஸ் பூசாதீர்கள், தூசு ஒட்டிக் களியாகிவிடும். சிலிக்கன் ஸ்பிரே போதும்.

இரண்டு எச்சரிக்கைகள். ஸ்பிரிங்கை நாமே முறுக்கவோ அவிழ்க்கவோ கூடாது. அதில் அடங்கியிருக்கும் விசை விரலையும் மணிக்கட்டையும் முறித்துவிடும். அடுத்தது, பெரிய கனமான கதவுகள் சிலவற்றில் ஸ்பிரிங்கே கிடையாது. பக்கச் சுவரில் ஒரு மோட்டார், அதிலிருந்து சைக்கிள் சங்கிலியைப் போல் பெரியதொரு சங்கிலி குழாயைச் சுற்றும். அத்தகைய கதவில் மேற்சொன்ன சோதனையைச் செய்யவே வேண்டாம். பிரேக்கை விடுவித்தால் கதவு முழுப் பாரத்தோடு இறங்கும்.

கதவு சரி, மோட்டாரில்தான் கோளாறு என்றாலும், உடனே புதியது வாங்கத் தேவையில்லை. மோட்டார் "ம்ம்" என்று முனகுகிறது, ஆனால் சுழலவில்லை என்றால் பெரும்பாலும் கெபாசிட்டர் போயிருக்கும். மின்விசிறியில் போவது போலத்தான், மலிவான சாமான். நாலைந்து தடவை தொடர்ந்து ஏற்றி இறக்கிய பிறகு செத்ததுபோல் நின்றுவிட்டால், அது சூடேறித் தன்னைத் தானே நிறுத்திக்கொண்டது. குழாய்க்குள் பூட்டும் மோட்டார்கள் பல, ஒரே ஓட்டமாக 4 நிமிடங்களுக்கு மேல் ஓடச் செய்யப்பட்டவை அல்ல. அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். சுவர்ப் பொத்தானுக்கு ஓடுகிறது, ரிமோட்டுக்கு ஓடவில்லை என்றால் ரிமோட்டின் சிறு பெட்டரியை முதலில் மாற்றுங்கள். இடி மின்னலுக்குப் பிறகு எல்லாமே நின்றிருந்தால் மின்பலகை எரிந்திருக்கலாம். சில வகைகளுக்கு அந்தப் பலகை மட்டும் தனியே கிடைக்கும். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மின்னல் அதிகம் என்பது தெரிந்ததே.

இத்தனையும் பார்த்து, புதியதுதான் என்று முடிவானால், கதவின் பாரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள இரும்புத் தகடு சதுர மீற்றருக்கு 7.85 கிலோ. ஒன்றோடொன்று கொளுவும் பட்டிகளால் ஆன கதவென்றால் மடிப்புகளையும் சேர்த்து 10 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம். 12 அடி அகலம், 10 அடி உயரமான கதவு 11 சதுர மீற்றர். ஆக 110 கிலோ. அடிச்சட்டத்தோடு 120 வரும். ஸ்பிரிங் இல்லாத கதவுக்கு இதைவிட ஒன்றரை மடங்காவது தாங்கும் மோட்டார் தேவை. இன்னொன்று, பெட்டியில் எழுதியிருக்கும் கிலோக் கணக்கு ஒரு குறிப்பிட்ட குழாய்ப் பருமனுக்கே பொருந்தும். உங்கள் கதவின் குழாய் அதைவிடப் பருமனாக இருந்தால் அதே மோட்டார் குறைந்த பாரத்தையே தூக்கும். விற்பவரிடம் குழாயின் விட்டத்தையும் சொல்லிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விழிப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஸ்பிரிங் வைத்த இரும்புப் பட்டிக் கதவுக்கு நடுக்குழாயில் பூட்டும் மோட்டார், ஸ்பிரிங் இல்லாததற்குச் சங்கிலி மோட்டார், சிறிய இலேசான கதவுக்குக் குழாய்க்குள் போகும் மோட்டார், வீட்டுக் கராஜுக்கும் சிறு கடைக்கும் போடும் தகட்டுச் சுருள் கதவுக்கு 24 வோல்ட் டீசி மோட்டார். சங்கிலி மோட்டார் போடுபவர்கள் மறுபக்கத்தில் விழுதடுப்பு பிரேக் ஒன்றையும் கட்டாயம் பூட்டுங்கள். சங்கிலி அறுந்தால் கதவைப் பிடித்து நிறுத்துவது அது ஒன்றுதான். சற்று விலை கூடியது என்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள். கடை வாசலில் பிள்ளைகள் நிற்பதை நினைத்துக்கொண்டு முடிவு செய்யட்டும்.

இனி மின்வெட்டு விடயம். 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். 2020 ஓகஸ்டிலும், 2021 டிசம்பரிலும், 2023 டிசம்பரிலும், 2025 பெப்ரவரியிலும் நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. கடைசியாகச் சொன்னதற்குப் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு காரணம் என்றார்கள். குரங்கு காரணமோ டொலர் காரணமோ, கதவு திறக்க வேண்டும். டீசி மோட்டாருக்கு 12 வோல்ட் பெட்டரிகள் இரண்டை இணைத்துக் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தப் பெட்டரிகள் இரண்டு மூன்று வருடங்களில் செத்துவிடும்; செத்ததை மின்வெட்டு வரும்வரை எவரும் அறிய மாட்டார்கள். பூட்டிய திகதியை அதன் மேல் மைப்பேனையால் எழுதி வையுங்கள். மாதத்தில் ஒரு நாள் மெயினை அணைத்துவிட்டுக் கதவை ஏற்றிப் பாருங்கள்.

உங்கள் கடைக்குப் பின்வாசல் இருக்கிறதா? இதை வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும். கையால் திறக்கும் கயிறும் கைச்சங்கிலியும் உள்ளே இருக்கின்றன. நீங்கள் வெளியே நிற்கிறீர்கள். ஒரே வாசல் கொண்ட கடையென்றால், வெளியிலிருந்து சாவி போட்டு உள்ளிருக்கும் கேபிளை இழுக்கும் அமைப்பு அவசியம். இதைச் சொன்னால் சில பாஸ்மார் "அது தேவைப்படாது" என்பார்கள். தேவைப்படும் நாளில் அவர்களுடைய தொலைபேசி வேலை செய்யாது.

மறுபுறத்தையும் பாருங்கள். இரவில் கடைக்குள் படுக்கும் பிள்ளைகள் நம்மில் பலரிடம் இருக்கிறார்கள். நள்ளிரவில் தீப்பற்றிக் கரண்டும் போனால் அந்தப் பிள்ளை எப்படி வெளியே வரும்? கயிறு எங்கே இருக்கிறது, எப்படி இழுப்பது, எவ்வளவு பலமாகத் தூக்க வேண்டும் என்பதை, விளக்கை அணைத்துவிட்டு, அவன் கையாலேயே ஒரு தடவை செய்ய வையுங்கள். சாமான்களை அடுக்கிக் கயிற்றை மறைத்து வைத்திருக்கும் கடைகளை நான் கண்டிருக்கிறேன். என் கடையும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது.

ரிமோட்டில் இரண்டு வகை. மாறாத குறியீட்டை அனுப்புவது ஒன்று. ஒவ்வொரு தடவை அமர்த்தும்போதும் புதிய குறியீட்டை அனுப்புவது மற்றையது. முதல் வகையைப் பிரதி எடுக்க ஒரு நிமிடம் போதும். உள்ளே எட்டுச் சிறு சுவிட்சுகள் கொண்ட பழைய ரிமோட்டில் மொத்தமே 256 சேர்க்கைகள்தான். இரண்டாவது வகையை, அதாவது ரோலிங் கோட் என்பதைக் கேட்டு வாங்குங்கள். வேலையாள் ஒருவர் விலகிப் போனால் ரிமோட்டைத் திருப்பி வாங்குவதோடு நிறுத்தாமல், ரிசீவரின் நினைவை முழுமையாக அழித்து, இருக்கும் ரிமோட்டுகளை மீண்டும் பதியுங்கள். போனவர் நல்லவராக இருக்கலாம். பிறகு ஏதும் களவு போனால் அவர் மேல் வீண் சந்தேகம் விழாமலிருக்கவும் அதுவே வழி.

பூட்டையும் கைவிட வேண்டாம். மோட்டாரின் பிரேக் பூட்டாகாது. ஆனால் பக்கப் பூட்டைப் போட்டபடியே எவராவது ரிமோட்டை அமர்த்தினால் கதவு மடிந்து நாசமாகும். பூட்டுப் போட்டதும் மோட்டாருக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் சிறு சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துப் பூட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 1993 ஜனவரிக்குப் பிறகு உற்பத்தியாகும் வீட்டுக் கராஜ் மோட்டார்களில், கதவின் கீழ் ஆளோ பொருளோ சிக்காமல் தடுக்கும் ஏற்பாடு இருக்க வேண்டுமென்று சட்டம் உண்டு. பிள்ளைகள் நசுங்கி மௌத்தான பிறகு வந்த சட்டம் அது. இங்கே நமக்கு விற்கும் கடை மோட்டார்கள் பல அவ்வாறான எதுவும் இல்லாமலே வருகின்றன. வாசலின் இருபுறமும் தரையிலிருந்து அரை அடி உயரத்தில் பூட்டும் ஒளிக்கண் ஒரு சோடி வாங்கிச் சேர்க்கலாம். இடையில் ஏதேனும் வந்தால் இறங்கும் கதவு நின்று திரும்பும். உங்கள் மின்பலகையில் அதற்கு இணைப்பு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், அமர்த்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் இறங்கும் விதமாகச் சுவர்ப் பொத்தானை அமைக்கச் சொல்லுங்கள். கதவு கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நின்று ரிமோட்டை அமர்த்தக் கூடாது என்பதை வீட்டாருக்கும் சொல்லி வையுங்கள்.

பூட்டும் நாளில் நீங்களும் அருகில் நில்லுங்கள். மோட்டார்த் தகட்டைத் தாங்கும் போல்ட்டுகள் கொங்கிறீட் தூணில் இறங்க வேண்டும். பூச்சிலோ உட்குழிவுள்ள சிமெந்துக் கல்லிலோ அல்ல. மின்சாரத்துக்குத் தனி வயர், எர்த், ட்ரிப் சுவிட்ச், கைக்கெட்டும் உயரத்தில் அணைக்கும் சுவிட்ச். விசிறிக்குப் போகும் வயரிலிருந்து இழுத்துக் கொடுக்க இடமளிக்காதீர்கள். மேலும் கீழும் எங்கே நிற்க வேண்டும் என்ற எல்லையைச் சரிசெய்த பின், பாஸ் ஏணியைச் சுருட்டும் முன், பத்துத் தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஒளிக்கண்ணுக்கு முன்னால் ஒரு காட்போட் பெட்டியை வைத்தும் பாருங்கள்.

விலை பேசும்போது உத்தரவாதம் மோட்டாருக்கா, மின்பலகைக்கும் சேர்த்தா, வந்து பார்க்கும் கூலி யாருடையது என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். 2022 டொலர் தட்டுப்பாட்டில் சிறு உதிரிப்பாகம் கிடைக்காமல் கதவை மாதக்கணக்கில் கையால் தூக்கியவர்கள் உண்டு. ஆகையால் பழைய சோனகத் தெருவில் நாலு கடை ஏறி, அந்த வகைக்குக் கெபாசிட்டரும் மின்பலகையும் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் காசைக் கொடுப்பது நல்லது. பழைய மோட்டாரை பாஸ் "குப்பைதானே, நான் கொண்டு போறேன்" என்பார். உள்ளே செம்புக் கம்பி இருக்கிறது. அதன் பெறுமதியைக் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.