புலம்பலுக்குள் ஒரு நினைவு

கிறித்தவர் இல்லங்களிற் புகுவார் கண்ணில் முதலிற் படுவது, பெரும்பாலும், சுவரில் மாட்டப்பெற்ற ஒரு வசனப் பலகையாகும். காலைதோறும் புதிதாய் வரும் இரக்கத்தையும் இறைவனின் மாறாத உண்மையையும் போற்றும் வசனம் அப்பலகைகளிற் பல்லாண்டாக இடம்பெற்று வருகின்றது. ஆண்டிறுதி நள்ளிரவு ஆராதனையிலும் திருமண வாழ்த்து மடலிலும் அதனையே காண்கின்றோம். அஃது எந்நூலிலிருந்து எடுக்கப்பெற்றது என்று வினவினால், சங்கீதம் என்று விடையிறுப்பார் பலர். சங்கீதம் அன்று, புலம்பல். ஒப்பாரியின் நடுவிலிருந்து ஓரடியைப் பெயர்த்தெடுத்து மணவீட்டு வாயிலில் தோரணமாகக் கட்டியிருக்கின்றோம். கட்டியது பிழையன்று. எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறந்ததனால் நாம் இழந்தது யாது என்பதே என் கேள்வி.

கி.மு. 586 ஆம் ஆண்டளவிற் பாபிலோனிய வேந்தன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை அழித்தது. நெடுநாள் முற்றுகையால் நகருட் பஞ்சம் புகுந்தது, மதில் தகர்ந்தது, கோயில் எரியுண்டது, மக்கள் சிறைப்பட்டுப் போயினர். அவ்வழிவைப் பாடுவனவே புலம்பல் எனும் நூலிலுள்ள ஐந்து பாடல்களும். எரேமியா தீர்க்கதரிசி பாடியவை என்பது நெடுங்கால மரபு. எபிரேய மூலத்தில் ஆசிரியர் பெயர் குறிக்கப்பெறவில்லை. உணவின்றித் தாய்மார் மடியில் உயிர்விடும் குழந்தைகளை அப்பாடல்கள் மறைக்கவில்லை. இத்துன்பத்தைத் தந்தவர் இறைவனே என்று அவர் முகத்துக்கு நேரே கூறவும் தயங்கவில்லை.

இப்பாடல்களின் யாப்பமைதி தமிழ் மாணாக்கருக்கு வியப்பளிப்பது. எபிரேய மொழிக்கு எழுத்து இருபத்திரண்டு. முதல் நான்கு பாடல்களும் அவ்வெழுத்துக்களின் அடைவிலேயே, ஒவ்வோரெழுத்தையும் முதலாகக் கொண்டு நடக்கின்றன. நம் ஔவையாரின் ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் எழுத்தடைவில் அமைந்தமை யாவரும் அறிவர். அவை சிறாருக்கு அறம் உரைப்பன. இங்கோ, அழுகைக்கு அரிச்சுவடி வகுக்கப்பட்டிருக்கின்றது. மூன்றாம் பாடலில் எழுத்துக்கு மும்மூன்றாக அறுபத்தாறு வசனங்கள். கட்டுக்கடங்காத துயரைப் பாடுபவன் இத்துணைக் கட்டுக்கோப்பை ஏன் மேற்கொண்டான்? முதலெழுத்துத் தொடங்கி இறுதியெழுத்து வரை ஒன்றும் விடாது அழுது தீர்க்க வேண்டும் என்பதற்காகவே என எனக்குத் தோன்றும். நெஞ்சில் இருத்தி ஓதுவதற்கும் அவ்வடைவு துணையாயிற்று.

நிற்க. இந்நூலை யான் மீட்டும் எடுத்துப் படிக்க நேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 2019 ஆம் ஆண்டு ஏப்பிரல் 21 ஆம் நாள், உயிர்ப்பு ஞாயிறன்று, மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திற் குண்டு வெடித்தது. ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவரும் மாண்டனர். அதே காலையிற் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலிலும் கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோவிலிலும் வழிபட வந்தோர் பலர் உயிர்துறந்தனர். அதன் பின்னர் எங்கள் பிராசீன பாடசாலையில் மட்டக்களப்பு மாணாக்கர் ஒருவர் பயின்றார். ஒருநாள் வகுப்பு முடிந்தபின் அவர் என்னை வினவினார். இறைவன் முன்னர்ச் செய்த நன்மைகளை நினைந்து திடங்கொள்ளுங்கள் என்று போதகர்கள் கூறுகின்றார்கள். அவ்வாறு நினைக்குந்தோறும், முன்பு காத்தவர் அன்று எங்கே போனார் என்ற கேள்வியே தமக்கு எழுகின்றது. நினைவு ஆறுதல் தரவில்லை, புண்ணைக் கீறுகின்றது என்றார். கிறித்தவனாகப் பிறந்து தமிழைத் தொழிலாகக் கொண்ட யான் அவருக்குப் போதனை செய்யத் துணியவில்லை. புலம்பலின் மூன்றாம் பாடலை இருவருமாக ஒரு பாடநூலைப் படிப்பதுபோற் படித்தோம்.

அப்பாடலில் நம்பிக்கை எவ்வாறு வருகின்றது என்பதைக் கவனித்தல் வேண்டும். பதினெட்டாம் வசனத்திற் பாடுபவன் தன் வலிமையும் நம்பிக்கையும் தொலைந்தன என்று கூறிவிடுகின்றான். அடுத்து அவன் நினைப்பது இறைவனின் நன்மையை அன்று. தன் சிறுமையையும் எட்டியின் கசப்பையுமே. அந்தக் கசப்பை மறக்க முடியாமல் அவன் உள்ளம் குனிந்து போகின்றது. அதன் பின்னரே, இருபத்தோராம் வசனத்தில், ஒன்றைத் தன் நெஞ்சுக்குத் திருப்பிக் கொண்டுவருகின்றான். எபிரேயத்தில் அவ்விடத்து நிற்கும் வினைக்குத் திருப்புதல் என்பதே பொருள். போனதொன்றைப் பிடித்து இழுத்துவருவது போன்ற செயல் அது. தானாக ஊறிவரும் இனிய நினைவன்று. எட்டியை விழுங்கியவன் வருந்திச் செய்யும் ஒரு முயற்சி. அம்முயற்சியின் பயனாகவே நம் சுவர்ப்பலகை வசனம் பிறக்கின்றது.

1871 இல் நிறைவெய்திய பவர் பாதிரியார் மொழிபெயர்ப்பு அவ்வசனத்தில் ‘உண்மை’ என்ற சொல்லை ஆண்டுள்ளது. இக்காலத்தார் உண்மை என்றவுடன் பொய்யாமை என்றே கொள்வர். பண்டை வழக்கில் உண்மை என்பது உளதாந் தன்மை. அதற்கு மறுதலை பொய் அன்று, இன்மை. இச்சொல்லாராய்ச்சி வெறும் பண்டித விளையாட்டன்று. மாணாக்கர் கேட்ட கேள்வி, இறைவன் பொய்த்தாரா என்பதன்று. அன்று அவர் இல்லாமற் போனாரா என்பதே. உண்மையா, இன்மையா என்ற அந்தக் கேள்வியே புலம்பல் நூலின் கேள்வியும் ஆம்.

மூலத்தில் உள்ள சொல் ‘எமூனா’. ஆமென் என்று நாம் கூறுவதும் இதன் வேரிற் பிறந்ததே. அசையாமை, உறுதி என்பன அவ்வேரின் பொருள்கள். மோசேயின் ஆகமத்தில் இச்சொல் ஓரிடத்தில் மனிதனின் கைகளுக்கு வழங்கப்பட்டிருக்கின்றது. அமலேக்கியரோடு போர் நிகழ்ந்த நாளில் மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை அவன் மக்கள் வென்றனர். கை தாழ்ந்தபோது தோற்றனர். கை சோர்ந்தது. ஆரோனும் ஊரும் அவனை ஒரு கல்லின்மேல் இருத்தி, பக்கத்துக்கொருவராய் நின்று கைகளைத் தாங்கினர். பொழுது சாயும்வரை அக்கைகள் அசையாது நின்றன. அவ்வசையாமையே எமூனா. (ஊர் என்பது அங்கே ஓர் ஆளின் பெயர், ஆயினும் தமிழிற் படிக்கும்போது, ஊரே கூடிக் கை தாங்கியது போன்று தோன்றுவது எனக்கு உவப்பாகவே இருக்கின்றது.) மோசேயின் கை தானாக நிற்கவில்லை. தனியொருவனால் நினைக்க முடியாதபோது பக்கத்திலிருப்போர் அவனுக்காக நினைத்துக்கொண்டிருப்பதற்கு, சபை என்ற ஒன்று இதற்காகவே வேண்டும் என்பதற்கு, இதனினும் நல்ல ஓவியம் யான் கண்டிலேன்.

இக்காலத்துச் சாட்சிக் கூட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். காய்ச்சல் தணிந்தது, பரீட்சை சித்தியாயிற்று, கனடாவுக்கு விசா கிடைத்தது என்று எழுந்து நன்றி கூறுகின்றார்கள். கூறுக, நன்றியுடைமை நன்றே. ஆயின் விசா கிடையாதவன் அதே வாங்கில் தலைகுனிந்து இருக்கின்றான். பிள்ளையைப் பறிகொடுத்தவள் பின்வரிசையில் இருக்கின்றாள். அவர்கள் எழுந்து தம் எட்டியைக் கூறுவதற்கு அக்கூட்டத்தில் இடமில்லையாயின், அங்கே நினைக்கப்படுவது இறைவனின் உண்மை அன்று, நமது நல்லூழ். கிறித்தவர் தம் வழிபாட்டின் நடுவே வைத்திருக்கும் நினைவுகூர்தலோ வேறு வகையினது. அப்பமும் இரசமும் கொண்டு தம்மை நினைவுகூரும்படி இயேசு கட்டளையிட்டது, தாம் காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியிலேயே எனப் பவுல் எழுதுகின்றார். வெற்றியின் மறுநாள் அன்று. தோல்விக்கு முந்திய இரவு.

மாணாக்கர் படித்து முடித்தபின், ‘அப்படியானால் இந்நூல் நம்பிக்கையோடு முடிகின்றதா?’ என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மையைப் போற்றிய அதே மூன்றாம் பாடலிற் சிறிது தூரத்திலேயே கண்ணீர் மீண்டும் பெருகுகின்றது. ஐந்தாம் பாடலில் வசனம் இருபத்திரண்டே எனினும் எழுத்தடைவு அற்றுப்போகின்றது. அரிச்சுவடியும் உடைந்தது போலும். இறுதி வசனம், எங்களை முற்றாக வெறுத்துவிட்டீரோ என்ற கருத்திலே நின்றுவிடுகின்றது. அதற்கு இறைவன் விடை கூறியதாக நூலில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், அக்கேள்வி வேறெவரையும் நோக்கி எழவில்லை. அவரை நோக்கியே எழுகின்றது. இல்லாத ஒருவரிடம் எவரும் இவ்வளவு நேரம் வழக்காடார் என்றார் மாணாக்கர். அது நான் சொல்லிக் கொடுத்ததன்று.

யூதர் தம் ஆபு மாதத்து ஒன்பதாம் நாளிற் கோயில் அழிந்ததை நினைந்து நோன்பிருந்து, மாலையிலே தரையிலும் தாழ்ந்த இருக்கைகளிலும் அமர்ந்து இந்நூலை ஓதுவர். இறுதி வசனத்தை அவர்கள் விலக்குவதில்லை, மாற்றுவதுமில்லை. அதனை ஓதி முடித்தபின், முந்திய வசனத்துக்கு, எங்களை உம்மிடம் திருப்பிக்கொள்ளும் என்ற வேண்டுதலுக்கு, மீண்டும் ஒருமுறை சென்று, அதனை எல்லோருமாக உரத்து ஓதிவிட்டு எழுந்து போவர்.