புதிய இயந்திரத்தின் முதல் எண்ணெய் மாற்றம்

புதிதாக வாங்கிய நாம்பனை முதல் நாளிலேயே காலை முதல் மாலைவரை ஏரிற் பூட்டும் கமக்காரர் இலர். முதலிற் சிறிது நேரம் பூட்டுவர். பழகப் பழக வேலையைக் கூட்டுவர். இரும்பாற் செய்த இயந்திரத்திற்கும் இத்தகைய பழக்கற் காலம் ஒன்றுண்டு. அக்காலத்தில் அதனை அளவாக இயக்குவதும், அக்காலம் முடிந்தவுடன் அதன் எண்ணெயை முதன்முறையாக மாற்றுவதும் கமக்காரரின் கடமைகளாகும்.

எருதின் களைப்பு கண்ணுக்குத் தெரியும். இயந்திரத்தின் தேய்வு தெரியாது. முதற் போகத்திற் செய்த பிழையின் பயன் மூன்றாம் போகத்திலோ நான்காம் போகத்திலோ புகையாகவும், எண்ணெய்ச் செலவாகவும், வலுக்குறைவாகவும் வெளிப்படும். வயலிற் சேறடிக்கும் வாரத்தில், அல்லது வெங்காயம் நீருக்கு வாடும் நாளில் இயந்திரம் நின்றுவிட்டால் இழப்பது திருத்தச் செலவு மாத்திரமன்று, பருவமும் இழக்கப்படும்.

புதிய இயந்திரத்தினுள் நிகழ்வது

இயந்திரத்தின் உருளையினுள் பிஸ்ரன் எனப்படும் முசலம் மேலுங் கீழும், அல்லது முன்னும் பின்னும் ஓடுகின்றது. முசலத்தைச் சூழ்ந்த வளையங்கள் உருளைச் சுவரோடு உராய்கின்றன. தொழிற்சாலையிற் கடைந்தெடுக்கப்பட்ட உலோகப் பரப்பு கைக்கு வழவழப்பாய்த் தோன்றினும், நுண்ணிய மேடுகளும் பள்ளங்களும் அதில் உள்ளன. முதற் சில மணி நேரத்தில் இம்மேடுகள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, வளையங்கள் உருளைச் சுவரோடு பொருந்துகின்றன. இப்பொருத்தம் நன்கு அமைந்தாலன்றி இயந்திரம் முழு வலுவைத் தராது.

இவ்வாறு தேய்ந்த உலோகம் மிக நுண்ணிய தூளாக எண்ணெயிற் கலக்கின்றது. வார்ப்பிலும் கடைசலிலும் எஞ்சிய துகள்களும், பாகங்களைப் பொருத்தும்போது பூசிய பசையின் சிறு துணுக்குகளும் அதனோடு சேரக்கூடும். இயந்திரத்தின் வாழ்நாளில் எண்ணெயினுள் உலோகத்தூள் மிகுந்து சேருங் காலம் இத்தொடக்கக் காலமேயாம். எண்ணெயை மாற்றாது விடின், உராய்வைத் தணிக்க வேண்டிய எண்ணெயே தூளைச் சுமந்து சென்று பாகங்களை அரைக்கத் தொடங்கும்.

மோட்டார் வண்டிகளிலும் நான்கு சில்லு உழவு இயந்திரங்களிலும் எண்ணெயை வடிக்கும் பில்ரர் உண்டு. தூளின் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும். ஆனால், கமக்காரர் பயன்படுத்தும் சிறிய பெற்றோல் நீரிறைக்கும் இயந்திரங்களுட் பெரும்பாலானவற்றில் எண்ணெய்ப் பில்ரர் இல்லை. சுழலும் பாகத்தோடு இணைந்த ஒரு சிறு அகப்பை எண்ணெயை அடித்துத் தெறிக்கச் செய்வதே அவற்றின் முறை. தெறிக்கும் எண்ணெயோடு தூளுந் தெறிக்கின்றது. ஆதலின், மிகச் சிறிய இயந்திரத்திற்கே முதல் எண்ணெய் மாற்றம் மிக விரைவில் வேண்டப்படுகின்றது.

எத்தனை மணி நேரத்தில் மாற்றுவது?

இயந்திரத்தோடு தரப்படும் கைந்நூலிற் குறித்த கணக்கே முதன்மையானது. பொதுவாகக் காணப்படும் அளவுகள் வருமாறு:

சிறிய பெற்றோல் நீரிறைக்கும் இயந்திரம்: 20 மணி நேரம், அல்லது முதல் ஒரு மாதம், இரண்டில் எது முந்தி வருகின்றதோ அது. சில நிறுவனங்கள் 5 முதல் 8 மணி நேரத்திலேயே மாற்றும்படி கூறுகின்றன.

இரு சில்லு டீசல் உழவு இயந்திரம்: ஆக்கிய நிறுவனத்திற்கேற்ப 20 முதல் 50 மணி நேரம்.

நான்கு சில்லு உழவு இயந்திரம்: பெரும்பாலும் 50 மணி நேரம், எண்ணெயோடு பில்ரரையும் மாற்றுதல் வேண்டும்.

மோட்டார்ச் சைக்கிள்: பெரும்பாலும் 500 முதல் 1,000 கிலோமீற்றருள், முதற் பராமரிப்பின்போது.

இக்காலத்து மோட்டார்க் கார்கள் பலவற்றிற்கு இவ்வாறு விரைந்த முதல் மாற்றம் கூறப்படுவதில்லை. அவற்றின் பாகங்கள் மிக நுண்ணிதாகக் கடையப்பட்டவை. பில்ரரும் எண்ணெயின் அளவும் பெரியவை. “காருக்கு வேண்டாததைப் பம்புக்கு ஏன் செய்யவேண்டும்?” என்று வினவுவோர் இவ்வேறுபாட்டை அறிதல் வேண்டும்.

முதல் மாற்றத்தின்பின் அடுத்தடுத்த மாற்றங்கள் நீண்ட இடைவெளியில் வரும். சிறிய பெற்றோல் இயந்திரங்களுக்கு 100 மணி நேரம், அல்லது 6 மாதம் என்பது பல கைந்நூல்களிற் காணப்படும் கணக்காகும்.

நாட்கணக்கன்று, மணிக்கணக்கு

கமக்காரரிற் பலர் தவறுவது இவ்விடத்திலேதான். இரு சில்லு உழவு இயந்திரங்களிற் பலவற்றிலும் நீரிறைக்கும் இயந்திரங்களிலும் ஓடிய மணியைக் காட்டுங் கருவி இல்லை. ஆகையால், “வாங்கி ஒரு மாதமுமாகவில்லை, எண்ணெய் மாற்ற இன்னும் காலமுண்டு” என்று நாளை எண்ணி இருந்துவிடுவர்.

புரட்டாதி மாத இறுதியில் ஒருவர் புதிய இரு சில்லு உழவு இயந்திரம் வாங்கினார் எனக் கொள்க. முதல் மழை விழுந்ததும் பெரும்போக உழவு தொடங்குகின்றது. நாளொன்றுக்கு 8 மணி நேரம் உழுதால் ஏழாம் நாளில் 50 மணி நேரம் நிறைந்துவிடும். தம் வயல் முடிந்து அயலவர் வயலையுங் கூலிக்கு உழுது நாளொன்றுக்கு 12 மணி நேரம் ஓட்டினாலோ ஐந்தாம் நாளிலேயே நிறைந்துவிடும். கைந்நூல் 20 மணி நேரம் என்று கூறுமாயின் இரண்டாம் நாளிலேயே தவணை வந்துவிடும். நாளொன்றுக்கு 2 மணி நேரம் மிளகாய்த் தோட்டத்திற்கு நீர் இறைப்பவருக்குப் பத்து நாளில் 20 மணி நேரம் நிறையும்.

எனவே, இயந்திரத்தை நிறுத்த மனம் வராத மும்முரமான வாரத்திலேயே முதல் எண்ணெய் மாற்றம் வந்து சேர்கின்றது. “உழவு முடியட்டும்” என்று தள்ளிவைக்கும் கமக்காரர், 50 மணியில் மாற்றவேண்டிய எண்ணெயை 150 மணிவரை ஓட்டிவிடுகின்றார். இதனைத் தவிர்க்க வழி எளிது. இயந்திரம் வாங்கும்போதே முதல் மாற்றத்திற்குரிய எண்ணெயையும் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளல் வேண்டும். 5.5 குதிரைவலுப் பெற்றோல் இயந்திரத்திற்கு வேண்டியது ஏறக்குறைய 0.6 லீற்றர், இரு சில்லு டீசல் இயந்திரத்திற்குப் பெரும்பாலும் 2 முதல் 3 லீற்றர். எண்ணெய் கையில் இருந்தால், மாலையில் வேலை முடிந்து இயந்திரம் சூடாயிருக்கும் வேளையில் அரைமணி நேரத்தில் மாற்றிவிடலாம். மறுநாள் உழவு தடைப்படாது. தவணைக்குச் சில மணி நேரம் முந்தி மாற்றுவதாற் கேடில்லை, பிந்துவதாலேயே கேடுண்டு.

ஓடிய மணியைக் குறிக்க ஒரு சிறு கொப்பி போதும். திகதி, செய்த வேலை, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதுவரை ஓடிய மொத்த மணி ஆகிய ஐந்தையும் ஒவ்வொரு நாளும் எழுதுதல் வேண்டும். இயந்திரத்தைக் கூலிக்கு ஓட்டும் சாரதியும் அக்கொப்பியில் எழுதும்படி செய்தல் நன்று. உத்தரவாதக் காலத்திற் பழுது நேருமிடத்தும் இக்குறிப்பு உதவும்.

முதன்முறை இயக்குமுன்

புதிய நீரிறைக்கும் இயந்திரங்கள் பல, எண்ணெய் ஊற்றப்படாமலே பெட்டியில் வருகின்றன. இதனை அறியாது பெற்றோலை மாத்திரம் ஊற்றிக் கயிற்றை இழுத்தால் இயந்திரம் சில நிமிடங்களிற் கெட்டுவிடக்கூடும். கடையிலேயே ஊற்றித் தந்தனர் என்று பிறர் கூறினாலும், அளவுகோலை எடுத்துக் கண்ணாற் பார்த்த பின்னரே இயக்குதல் வேண்டும்.

தெறிப்பு முறையில் எண்ணெய் பெறும் இயந்திரத்தைக் கிணற்றடியிலோ வாய்க்கால் வரம்பிலோ சரிவாக வைத்தல் ஆகாது. சரிந்த நிலையில் எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிவிட, அகப்பைக்கு அது எட்டாமற் போகும். மட்டமான கல்லோ பலகையோ இட்டு அதன்மேல் வைத்தல் வேண்டும்.

முதல் மாற்றம் வரையுள்ள காலத்தில் இயந்திரத்திற்கு முழுப்பாரம் கொடுத்தலையும் முழுவேகத்தில் நெடுநேரம் ஓட்டுதலையுந் தவிர்க்க. அதேவேளை, பாரமின்றி நெடுநேரம் வெறுமனே ஓடவிடுவதும் நன்றன்று. வளையங்கள் உருளையோடு பொருந்துவதற்கு மிதமான பாரம் வேண்டும். ஈரமான இளகிய நிலத்தில் ஆழமின்றி உழுதல் இதற்கு ஏற்ற வேலையாகும். காய்ந்து இறுகிய தரையை உடைத்தலும் பாரமேற்றிய பெட்டியை மேட்டில் இழுத்தலும் பின்னர் செய்யத்தக்கவை.

எண்ணெய் மாற்றும் முறை

1. இயந்திரத்தைச் சில நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துக. சூடான எண்ணெய் இளகித் தூளோடு வெளியேறும். ஆறிய எண்ணெயிலோ தூள் அடியில் தங்கிவிடும். கை சுடாதபடி கவனிக்க.

2. மட்டமான தரையில் வைத்து, எண்ணெய் ஊற்றும் வாயைச் சுற்றியுள்ள சேற்றையும் தூசியையும் துடைத்த பின்னர் மூடியைத் திறக்க.

3. பாத்திரம் ஒன்றைக் கீழே வைத்து, எண்ணெய் வடிக்கும் போல்ற்றைக் கழற்றுக. சொட்டு நிற்கும்வரை காத்திருக்க.

4. வடிந்த எண்ணெயை வெயிலிற் பார்க்க. மினுமினுக்கும் நுண்தூள் முதன்முறையில் இயல்பே. நகத்திற் படக்கூடிய உலோகத் துண்டுகள் காணப்படின், மேலும் இயக்காது விற்பனையாளருக்கோ மெக்கானிக்குக்கோ காட்டுதல் வேண்டும்.

5. எண்ணெய்ச் சல்லடை உள்ள டீசல் இயந்திரமாயின் அதனைக் கழற்றித் தூய டீசலிற் கழுவிப் பூட்டுக. பில்ரர் உள்ளதாயின் புதியது இடுக.

6. போல்ற்றின் வளையம் நசிந்திருந்தால் மாற்றிப் பூட்டுக. கைந்நூல் கூறும் தரத்து எண்ணெயை அளவுகோலின் மேற்குறிவரை ஊற்றுக. குறிக்கு மேலும் ஊற்றுதல் தீது.

7. ஓரிரு நிமிடம் இயக்கி நிறுத்திச் சிறிது பொறுத்து, கசிவு உளதோ எனவும் மட்டம் சரியோ எனவும் மீண்டும் பார்க்க.

இரு சில்லு உழவு இயந்திரத்தின் கியர்ப்பெட்டிக்கும் முதல் மாற்றம் உண்டு. புதிய பற்சக்கரங்களும் தேய்ந்தே ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அதன் தவணை கைந்நூலில் வேறாகக் குறிக்கப்பட்டிருக்கும். சேற்றில் ஓடும் இயந்திரத்தின் கியர்ப்பெட்டி எண்ணெய் பால்போல வெளுத்திருப்பின் நீர் உட்புகுந்தது எனக் கொள்க. உடனே எண்ணெயை மாற்றுவதோடு, நீர் புகுந்த வழியையும் அடைத்தல் வேண்டும்.

சில தவறான எண்ணங்கள்

“எண்ணெயின் நிறம் இன்னும் மாறவில்லை” என்பர். பெற்றோல் இயந்திரத்தில் 20 மணி நேரத்திலும் எண்ணெய் பொன்னிறமாகவே இருக்கக்கூடும்; அதில் மிதக்கும் தூளை நிறம் காட்டாது. மாறாக, டீசல் இயந்திரத்தின் எண்ணெய் கரிபடிந்து விரைவிற் கறுக்கும். கறுத்ததனாலேயே கெட்டது என்பதில்லை. நிறத்தை நம்பாது மணியை நம்புக.

“குறைந்ததை ஊற்றி நிரப்பினாற் போதும்” என்பர். நிரப்புவதால் மட்டம் உயருமேயன்றித் தூள் வெளியேறாது.

“மட்டம் குறையவில்லை, ஆகவே நன்று” என்பர். மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தில் இது மிக ஆபத்தான எண்ணமாகும். எரியாது எஞ்சிய மண்ணெண்ணெய் வளையங்களின் வழியே இறங்கி எண்ணெயிற் கலக்கும். மட்டம் குறையாதிருக்கும், சிலவேளை உயரவுஞ் செய்யும்; ஆனால் எண்ணெய் நீர்த்து வழுக்குந்தன்மையை இழந்திருக்கும். புதிய இயந்திரத்தில் வளையங்கள் இன்னும் பொருந்தாமையால் இக்கலப்பு மிகுதியாகும். பெற்றோலிலேயே தொடக்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்துமுன் மீண்டும் பெற்றோலுக்கு மாற்றுவதும் இதனைக் குறைக்கும்.

கழிவெண்ணெய்

வடித்த எண்ணெயைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ வயலிலோ ஊற்றுதல் கூடாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மண்ணின் கீழுள்ள சுண்ணக்கல் நீரை விரைவில் உள்விடுவது. நிலத்தில் ஊற்றியது கிணற்றைச் சேரும். சுன்னாகம் பகுதியிற் கிணறுகளில் எண்ணெய்க் கழிவு கலந்த விடயம் உயர் நீதிமன்றம்வரை சென்று, 2019ஆம் ஆண்டில் இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளிக்கப்பட்டமை பலரும் அறிந்ததே. கழிவெண்ணெயை மூடியுள்ள கலத்திற் சேர்த்துவைத்து, வாகனத் திருத்தகங்களிலிருந்து கழிவெண்ணெய் சேகரிப்போரிடம் சேரும்படி ஒப்படைத்தல் முறையாகும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

வாங்கிய அன்றே கைந்நூலைப் பார்த்து முதல் மாற்றத்திற்குரிய மணியைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதுக. எண்ணெயை முன்கூட்டியே வாங்கிவைக்க. ஓடிய மணியை நாள்தோறும் குறிக்க. தவணை வந்த மாலையிலேயே மாற்றுக. மறுபோகத்திற்கு என்று ஒத்திவைக்க வேண்டாம். ஐயம் உளதாயின் விவசாயப் போதனாசிரியரை அணுகலாம். அரை லீற்றரோ மூன்று லீற்றரோ எண்ணெயைக் காலத்தில் மாற்றிய கமக்காரரின் இயந்திரம், மழை பார்த்து உழவும் வெயில் பார்த்து இறைக்கவும் பல போகங்களுக்கு அவருக்கு உதவும்.